செவலைக்குச் சொன்ன வழி

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. எந்த ரோட்டில் எப்போது மறியல் வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம். பொங்கலுக்கு நாலைந்து நாள் இருந்தது. ஓசூரில் இருக்கும் என் தங்கை மறுநாள் வருவதாகப் போன் செய்திருந்தாள். ஒரு ராத்திரி எங்களோடு இருந்துவிட்டு, மணலூர்பேட்டையில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போயாக வேண்டுமாம்.

எங்கள் அப்பா கண் ஆபரேஷனுக்காக என் வீட்டுக்கு வந்தவர், கொரோனா ஊரடங்கில் இங்கேயே மாட்டிக்கொண்டார். அந்த நாட்களிலேயே திடீரென்று போய்ச் சேர்ந்தும் விட்டார். தங்கை அப்போது நிறைமாத கர்ப்பிணி. அவளால் வர முடியவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்பா பேசுகிற, சிரிக்கிற வீடியோக்கள் எங்களிடம் நிறைய இருந்தன. பிள்ளை பெறப்போகிறவள் பார்த்தால் அழுவாள், அனுப்பாதே என்று எல்லோரும் தடுத்துவிட்டார்கள். "கைக்குழந்தையோட வரேங்க்கா, அப்பாவக் காட்டு" என்று போனில் கேட்டாள்.

போனில் இடமில்லாமல் அந்த வீடியோக்களை எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. கம்ப்யூட்டர் படித்தவள். அப்போது ஒரே வீடு, ஒரே அடுப்பு. பிறகு பாகம் பிரிந்தது. கிரைண்டர் அவர்களுக்கு, கம்ப்யூட்டர் எங்களுக்கு. நடுவில் இடுப்பளவு சுவர். யார் கரும்புக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று ஆரம்பித்த சண்டையில் எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றே போனது.

மழைக்காலத்தில் மலைப் பக்கம் விழுந்த ஒரு இடியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கள்ளக்குறிச்சி கடைக்காரர் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். பழைய ஃபைல்கள் அப்படியே பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். தங்கை நாளைக்கு வருகிறாளே என்று அன்று காலை அப்பா பெயர் போட்ட ஃபோல்டரைத் திறக்கப் போனால், எனக்கு அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. என் வீட்டில், என் மேஜை மேல், என் அப்பாவைப் பார்க்க எனக்கே அனுமதி இல்லையாம்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ரோடு முழுக்க மறியல்ங்க, பொங்கல் கழிச்சிதான் வர முடியும்" என்றார். நான் கம்ப்யூட்டர் மேஜையை ஒட்டிய ஜன்னலோரம் நின்று, அப்பா ஃபோல்டர் திறக்க அனுமதி இல்லை என்கிறது, நாளைக்கே வேண்டும், தங்கை ஒரு நாள்தான் இருப்பாள் என்று கத்திக் கெஞ்சினேன். மனிதர் வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி தன் பசு செவலைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் குரல் கேட்டது.

"ஏ செவல, எதுக்கு இப்டி கத்திக்கினு கெடக்கற? கடக்காரன் வந்துதான் தொறக்கணுமா? அந்த ஃபோல்டர் மேல வச்சி மவுசுல வலது பக்கம் அமுக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பசுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாடையாகத் திட்டு வாங்கியிருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். ஜாடையில் யாரும் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறதே, நேராகக் கேட்க வாய் வரவில்லை. என் வாசலில் மேய்ந்த கோழியைக் கூப்பிட்டேன்.

"ஏ கோழி, அமுக்கினா நீளமா இன்னான்னாவோ வருதே, அதுல எது?"

"கடைசில பாரு செவல. பிராப்பர்ட்டீஸ்னு இருக்கும். அதுக்குள்ள செக்யூரிட்டி. அதுக்குள்ள அட்வான்ஸ்டு."

நான் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, என்ன வருகிறது என்று கோழிக்குச் சொன்னேன். அவள் அடுத்ததைப் பசுவுக்குச் சொன்னாள். வழியில் போன ஒரு பெரியவர் எங்களையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

"ஓனர்னு ஒரு பேரு இருக்கும், அத மாத்தணும்" என்றாள். நான் பார்த்தேன். பெயரே இல்லை, ஏதோ நீளமாக எண்தான் இருந்தது. சொன்ன இடத்தில் என் பெயரை அடித்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்றது. மறுபடி அடித்தேன், மறுபடி அதே பதில்.

"கோழி, வரலையே!" என்றபோது என் குரல் உடைந்துவிட்டது.

செவலை பக்கத்தில் அவளைக் காணோம். அவ்வளவுதான், போய்விட்டாள் என்று நினைத்தேன். பார்த்தால், வைக்கோல் தூசியைப் புடவையில் தட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்து நிற்கிறாள்.

"செவலைக்கு இதுக்கு மேல தெரியாது. தள்ளுக்கா."

அந்த 'அக்கா'வைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! மறுபேச்சில்லாமல் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் திரையில் இருந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இங்க என் பேருதான் இருந்துச்சி. புதுசா ஏத்தினதுல போயிடிச்சி" என்றாள்.

"யாரு பேரு போடட்டும்?"

"ரெண்டு பேர் பேரும் போட முடியாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும்னு போட ஒரு வழி இருக்குதுக்கா" என்று 'எவ்ரிஒன்' என்று அடித்தாள். ஃபோல்டர் திறந்துகொண்டது.

முதல் வீடியோவில் அப்பா வேர்க்கடலை, அதுதான் எங்கள் ஊர் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தார். மறைவில் ஒரு குரல், "அப்பா, இங்க பாருங்க" என்கிறது. என் குரல் இல்லை, அவளுடையது. அவளும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அப்பா நிமிர்ந்து, "பெரியவ போடற டீயில சக்கர கம்மிம்மா. நீ போய் ஒண்ணு போட்டுக்கினு வா" என்று ரகசியம் பேசுகிறார். நான் சிரித்தேன். பக்கத்தில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவருக்காக அழ அவளுக்கும் உரிமை இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் தங்கை வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் பார்த்தாள். அழுதாள், டீ வரும் இடத்தில் கண்ணீரோடு சிரித்தாள், அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அன்று எங்கள் எல்லோருக்கும் டீ போட்டவள் என் ஓரகத்திதான். சர்க்கரை அளவாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

இப்போதும் எங்களுக்குள் சண்டை வரும், முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் செவலையிடம் பேச ஆரம்பித்தால், நான் என் வேலையைப் போட்டுவிட்டு, எனக்கும் அதில் ஏதாவது இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.