முன்சக்கரத்துக்கு ஒரு நல்ல ரயர்

மலைச்சைக்கிளுக்கு நான் வாங்கிய இரண்டு ரயர்களும் ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. பெட்டியை உள்ளே எடுத்து வந்தது என் மனைவி. அதற்குள் இருந்த பற்றுச்சீட்டை முதலில் வாசித்ததும் அவள்தான்.

"உது வானுக்கோ?"

"இல்லை, சைக்கிளுக்கு."

"சைக்கிளுக்கு எத்தினை ரயர்?"

"ரெண்டு. உமக்குத் தெரியாதே?"

"எனக்குத் தெரியும். வித்தவனுக்குத் தெரியுமோ எண்டு கேட்டனான்."

எங்கள் பழைய வான் வண்டிக்குப் போடுகிற பனிக்கால ரயர் ஒன்றும் ஏறக்குறைய அதே விலைதான். ரொறன்ரோவை ஒட்டிய மில்லிக்கனில் எங்கள் தெரு முழுக்கப் பனிக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தரம் ரயர் மாற்றுகிறவர்கள். அதை யாரும் வீண்செலவு என்று சொல்வதில்லை. வான் வேலைக்குப் போகிறது. என் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை காலையில் டொன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேறு பூசிக்கொண்டு வருகிறது. அதற்கு ஏன் இந்த விலை என்று கேட்டால் என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. நீளமான பதில் உண்டு.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் இருந்தது குறைவு. சவூதியில் தெருவுக்குத் தார் போட்டேன். கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஒருவனை நம்பி மாஸ்கோவில் ஒரே அறையில் பதினொரு பேரோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன். ஜெர்மனியில் முகாம். பிறகு ரொறன்ரோ. இங்கே கோப்பை கழுவினேன், பேக்கரியில் மா குழைத்தேன், பிறம்ரனில் பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன், வீடு மாறுகிறவர்களின் கட்டில்களையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் லொறியில் ஏற்றினேன். எந்த வேலையிலும் எனக்குக் குறையில்லை. சில மாதங்களில் கால் அரிக்கத் தொடங்கிவிடும், அவ்வளவுதான். அல்பேட்டாவில் நல்ல சம்பளமாம், வெளிக்கிடுவமோ என்று மனைவியைக் கேட்பேன். இரண்டு தரம் அவளும் கூட வந்தாள். இரண்டு தரமும் வருடம் முடியுமுன் திரும்பி வந்தோம்.

சைக்கிள் அந்த லொறி வேலையில் கிடைத்தது. ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன அப்பார்ட்மெண்டுக்குப் போன ஒரு வெள்ளைக்காரர், கராஜின் மூலையைக் காட்டி, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ, இல்லாவிட்டால் குப்பைக்குத்தான் என்றார். முன்னுக்கு அமுங்கி எழும்புகிற கவை, தடித்த ரயர், அகலமான கைபிடி. சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வானில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளத்தாக்கில் இறக்கினேன்.

மேலே நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்க, கீழே மரங்களுக்கு நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு பாதை இருந்தது. வேரிலும் கல்லிலும் ஏறி, சரிவில் இறங்கி, வளைந்து போனது. அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாது. இரண்டு மணித்தியாலம் சைக்கிள் ஓடிவிட்டு வெளியே வந்தபோது, நான் தொடங்கிய இடத்திலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில்தான் நின்றேன். எனக்கு எங்கேயோ போய்வந்த மாதிரி இருந்தது.

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. போன இலையுதிர்காலத்தில் ஈர இலைமேல் வழுக்கி விழுந்து தோள்பட்டைக்கு முன்னால் உள்ள எலும்பை உடைத்துக்கொண்டேன். ஆறு கிழமை கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி இருந்தேன். எனக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிட்டது மனைவி. கடைசிப் பொத்தானைப் பூட்டும்போது ஒருநாள் சொன்னாள்:

"இனி ஒருக்கா விழுந்தியள் எண்டால் சைக்கிள் இந்த வீட்டில நிக்காது. ஐம்பத்தாறு வயசு. எனக்கு உங்களைத் தூக்க ஏலாது."

நான் ஓம் என்றேன். அந்த ஓமைக் காப்பாற்றத்தான் விலைகூடிய ரயர்களை வாங்கினேன். பழைய முன் ரயர் தேய்ந்து வழுக்கையாக இருந்தது. கடையில் நின்றவன் புதிய ரயரில் புடைத்து நின்ற கட்டைகளைக் கிள்ளிக் காட்டி, இந்த றப்பர் பசை மாதிரி நிலத்தைப் பிடிக்கும் என்றான். நம்பினேன்.

போட்ட முதல் நாளே காற்றடித்தேன். எனக்குக் காற்றடிக்க ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, எல்லாம் சைக்கிளில்தான் போனது. நானும் விறகு கட்டினேன், சீமெந்து மூட்டை கட்டினேன், ஒருமுறை முழு அலுமாரி ஒன்றைக் கட்டிப் பதினைந்து மைல் போனேன். அந்தப் பாரத்துக்கு ரயர் கல்லு மாதிரி இருக்கவேண்டும். கொஞ்சம் மெத்தென்று இருந்தால் சக்கரத்தின் இரும்பு வளையம் ரியூப்பை வெட்டிவிடும், புது ரியூப்புக்கு எங்கே போவது? கட்டைவிரலால் அமத்திப் பார்ப்போம். விரல் பதிந்தால் இன்னும் அடிப்போம். புதிய ரயரின் பக்கவாட்டில் இலக்கம் ஒன்று பொறித்திருந்தது. அதுவரைக்கும் அடிக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அதுவரைக்கும் அடித்தேன். விரலால் அமத்தினேன். பதியவில்லை. திருப்தியாக இருந்தது.

வைகாசியில், மழை பெய்த மறுநாள், வேர்கள் குறுக்கே கிடக்கிற ஒரு வளைவில் முன்சக்கரம் சட்டென்று பக்கவாட்டில் போனது. நான் மறுபக்கம் போனேன். எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்கை மட்டும் உரிந்தது. நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெயில் எரிக்கிற நாளில் நீளக்கைச் சட்டையோடு சோறு சாப்பிட உட்கார்ந்தால் எந்த மனைவிக்கும் தெரிந்துவிடும்.

"கையை மடியுங்கோ."

மடித்தேன். அவள் காயத்தைக் கழுவினாள். மருந்து போட்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்ச் சைக்கிளைப் படம் எடுத்தாள். விளம்பரத்தை நான்தான் எழுதவேண்டும் என்றாள், ஓம் சொன்னவன் நான்தானே. எழுதினேன். சைக்கிள், பழையது, ரயர்கள், புதியவை.

இரண்டு கிழமைக்கு ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புல் வெட்டினேன். வெட்டிய புல்லைத் திரும்பவும் வெட்டினேன். இரவில் போனில் அல்பேட்டாவில், கல்கரியில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்தேன். பொழுதுபோகத்தான் பார்க்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை காலை, காருக்குப் பின்னால் சைக்கிள் கொளுவுகிற கம்பியோடு ஒரு பெண் ஸ்ரௌவ்வில்லில் இருந்து வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் பேசுகிற பிள்ளை. சைக்கிளைச் சுற்றி ஒருதரம் நடந்தாள்.

"அங்கிள், டோண்ட் மைண்ட், சைக்கிள் எனக்கு வேண்டாம். ரயர் மட்டும் விப்பீங்களா?"

மனைவி வாசற்படியில் நின்றவள் சிரித்துவிட்டாள். "பாத்தியளே, சைக்கிளை விட ரயருக்குத்தான் மதிப்பு."

"சீரியஸ்லி அன்ரி, இது நல்ல ரயர். எல்லாக் கடையிலும் முடிஞ்சுது." சொல்லிக்கொண்டே குனிந்து முன் ரயரைக் கட்டைவிரலால் அமத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பின் ரயரையும் அமத்தினாள். "அங்கிள், இப்பிடியோ நீங்கள் ஓடுறது?"

"ஏன், காத்துக் காணாதோ, இன்னும் அடிக்கவேணுமோ?"

"காணாதோவா? இது பாறை. இதோட போனால் எப்பிடி க்ரிப் வரும்? நீங்கள் விழேல்லையா?"

நான் மனைவியைப் பார்க்கவில்லை. "அந்த இலக்கம் போட்டுக்கிடக்கே."

"அது மேக்ஸிமம் அங்கிள். அதுக்கு மேல போகாதே எண்டு அர்த்தம். அவ்வளவும் அடி எண்டு இல்லை."

அவள் வால்வின் மூடியைக் கழற்றி நகத்தால் அமத்தினாள். ஸ்ஸ் என்று காற்றுப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பொறுக்கமுடியாமல், போதும் பிள்ளை என்றேன். உள்ளே இருக்கிற ரியூப் நசுங்காத அளவுக்குத்தான் குறைப்பேன் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் விட்டாள். இப்போது அமத்தினால் விரல் பதிந்தது. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு ரயரோடு வெளிக்கிட்டால் ஒழுங்கை முடிவதற்குள் நின்றிருப்பேன்.

"ஓடிப் பாருங்கோ. அந்தப் பள்ளத்தில."

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மழைத்தண்ணி தேங்குகிற குளம் ஒன்று இருக்கிறது. அதன் கரை நல்ல சரிவு, காலைப் பனியில் புல் ஈரமாக இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தாள்.

மேலேயிருந்து குறுக்காக இறங்கினேன். வழக்கமாக இந்த ஈரத்தில் முன்சக்கரம் ஒரு நடுக்கம் நடுங்கும், அதைப் பிடிக்க இரண்டு கையும் இறுகும். இப்போது சக்கரம் புல்லுக்குள் குந்திக்கொண்டு போன மாதிரி இருந்தது. கீழே வளைத்தேன், வளைந்தது. ஏறி வந்து திரும்பவும் இறங்கினேன். மூன்றாம் தரமும் போயிருப்பேன், இரண்டு பெண்கள் காத்துக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது மனைவி அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீரும் விழுறனீரோ?"

"விழாமலா? நல்லா விழுவன் அன்ரி."

"பயமில்லையோ?"

"நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை. எலும்பைத்தான் டெய்லி பாக்கிறன். வின்ரரில தங்கட வீட்டு வாசல்ல வழுக்கி விழுந்திட்டு எத்தினை பேர் வருவினம் தெரியுமா? அதுக்காக வாசலை விக்கேலுமா?"

மனைவி சைக்கிளுக்குக் கிட்டப் போனாள். சக்கரத்தில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். பிறகு, என்னிடம் சொல்லாமல் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"உந்தச் சைக்கிள் வந்து மூண்டு வருசம். மூண்டு வருசமா இவர் அல்பேட்டா எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ரெண்டு கிழமையாத்தான் போனில கல்கரி பாக்கிறார். நான் நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு."

எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஹெல்மெட்டின் வாரைக் கழற்றிப் பூட்டினேன். அல்பேட்டாவைப் பற்றி நான் பேசாமல் விட்டதை நானே கவனித்திருக்கவில்லை.

"எனக்குத் தூக்க ஏலாது எண்டுதான் சொன்னனான்," என்றாள் இப்போது என்னிடம். "கல்கரிக்குப் பெட்டி கட்டவும் எனக்கு ஏலாது. விளம்பரத்தை எடுங்கோ."

அந்தப் பெண் சிரித்தாள், உடனே முகம் வாடியது. அவ்வளவு தூரம் காரில் வந்தவள். "அப்ப என்ர ரயர்?"

யோசித்துவிட்டு அவளே வழி சொன்னாள். பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடும், கால் ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமில்லை, ஆள் நிலத்தில். அதனால் நல்லது முன்னுக்கு இருந்தால் போதும், பின்னுக்கு ஓரளவானதே காணும் என்றாள். அவளுக்கும் முன்னுக்குத்தான் தேவையாம். என் பழைய பின் ரயர் கராஜில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் இன்னும் கட்டை இருந்தது. கதை முடிந்தது: எனக்கு ஒரு முன் ரயர், அவளுக்கு ஒரு முன் ரயர்.

ரயர் கழற்ற நான் குசினிக்குப் போய் இரண்டு கரண்டி எடுத்து வந்தேன். அந்தப் பெண் காரில் இருந்து பிளாஸ்டிக் நெம்புகோல் எடுத்துவருவதற்குள் ஒரு கரையைக் கிளப்பிவிட்டேன். காற்றுக் குறைக்கத் தெரியாவிட்டாலும் கரண்டியால் ரயர் கழற்றுவதில் எனக்கு ஈடாக இந்தத் தெருவில் ஆளில்லை. அவள் தன் போனில் அதைப் படம் எடுத்தாள்.

"ஓ மை காட், அங்கிள், ஸ்பூனா?"

"என்ர நல்ல கரண்டி," என்றாள் மனைவி.

அந்தப் பெண் நான் வாங்கிய விலையில் பாதியைத் தர வந்தாள். அவள் காற்றுக் குறைக்கச் சொல்லித்தந்ததற்கு அதையும் குறைத்தேன். மனைவி அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். தன் முழங்காலில் இருந்து வருகிற ஒரு கிறீச் சத்தத்தைப் பற்றி அரை மணித்தியாலம் அவளிடம் கேட்டாள்.

அன்றைக்கு ஒப்பந்தமும் மாறியது. விழக்கூடாது என்பது போய், விழுந்தால் மறைக்கக்கூடாது என்றாகியது.

அதற்குப் பிறகு ஒரு கோடை முழுக்க ஓடிவிட்டேன். அந்த வேர் வளைவைத் தாண்டும்போது இப்போதும் வாய் உலரும், ஆனால் சக்கரம் வேரைக் கவ்விக்கொண்டு ஏறி இறங்குவது கைக்குத் தெரியும். போன ஞாயிறு, பொழுது ஏறுமுன் இலையெல்லாம் ஈரமாகக் கிடந்தது. ஒரு இறக்கத்தில் சைக்கிளோடு நிலத்தில் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கராஜ் வாசலிலேயே சொன்னேன்.

மனைவி வெளியே வந்து என்னைச் சுற்றிப் பார்த்தாள். இடது பக்கம் முழுக்கச் சேறு. தோள், முழங்கை, கணுக்கால் எல்லாம் அமத்திப் பார்த்தாள்.

"எந்தச் சக்கரம்?"

"பின்சக்கரம். இழுத்துக்கொண்டு போச்சுது, மெல்லமா இருந்திட்டன். விழுந்தது எண்டும் சொல்லேலாது."

அவள் குனிந்து முன் ரயரைக் கட்டைவிரலால் அமத்தினாள். விரல் பதிந்தது.

"அப்ப இதுக்குக் குடுத்த காசு சரி," என்றாள். "உள்ளுக்கு வராதேங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."