மூன்றாம் புட்டியில் வெண்ணெய் வாடை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சீதாலெட்சுமி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். மலேசியாவின் கிள்ளானில் உள்ள அந்த வரிசை வீட்டில் மற்ற பாத்திரங்களை யார் வேண்டுமானாலும் கழுவலாம். இந்த ஆறு கிளாஸ்களை அவள் யாரிடமும் விடமாட்டாள். சவர்க்காரம் போட்டால் வாசனை நிற்கும், நுரை செத்துப்போகும். சோடா உப்பால் தேய்த்து, மூன்று முறை அலசி, துணி படாமல் கம்பித் தட்டில் கவிழ்த்தாள். வேறு வாசனை மூக்கில் ஏறக் கூடாது என்று விடிந்ததிலிருந்து அடுப்பில் தாளிப்பு இல்லை. சாமி படத்துக்கு மல்லிகை வைத்தவள் தன் தலையில் வைத்துக்கொள்ளவில்லை.

"என்ன அண்ணி, பீர் ஊத்தப் போறீங்களா, பூசை பண்ணப் போறீங்களா? இவ்ளோ சுத்தம் பாக்குறீங்க?" முன்னறையிலிருந்து குரல் கொடுத்தான் கொழுந்தன் யுகேந்திரன்.

"பசிச்சா பிஸ்கட் இருக்கு. ஆனா நான் ருசி பாத்து முடிக்கிற வரைக்கும் நீயும் தின்னாத" என்றாள்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பீர் தொழிற்சாலையில் அவள் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். புட்டிக்கு லேபிள் ஒட்டும் வரிசையில் நுழைந்தாள். வெயிலில் வைத்த புட்டி எது, நிழலில் வைத்தது எது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லிவிடுகிறாள் என்று தெரிந்ததும் ஆய்வுக்கூடத்துக்கு மாற்றினார்கள். தினமும் பதினோரு மணிக்கு ஐந்து பேர் உட்கார்ந்து ருசி பார்ப்பார்கள். அவள் வேண்டாம் என்று தலையாட்டிய தொட்டியின் பீர் லோரி ஏறாது. உறவுக்காரர்களிடம் "லேப்ல வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

நிறுத்த விடாதவன் யுகேந்திரன்தான். அவள் மகள் மலரின் நிச்சயதார்த்தத்தில், ஆரத்தித் தட்டோடு நின்றவளைக் காட்டி, மாப்பிள்ளை வீட்டாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்க அண்ணிக்குத் தண்ணி அடிக்கிறதுதான் வேல. மாசமானா சம்பளமும் உண்டு." சபை சிரித்தது. யாரோ ஒரு அம்மா தட்டை வாங்கி வேறொருத்தி கையில் கொடுத்தாள். அவள் கணவர் பழனியப்பன் மனைவியைப் பார்க்காமல் பந்தலைப் பார்த்தார்.

அந்த யுகேந்திரன் இப்போது இரண்டு கூட்டாளிகளோடு ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தைப் பிடித்துச் சின்ன அளவில் பீர் காய்ச்சுகிறான். ஆறு வகை. அதை வாங்கித் தன் கடைகளில் விற்க ஒரு தவுக்கே, சீன முதலாளி, தயார். அவர் பழைய ஆள், சீதாலெட்சுமியைத் தெரிந்தவர். சீதா குடித்துப் பார்த்து ஆறுக்கும் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்கிறேன், ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்றுவிட்டார்.

மேசையில் ஆறு புட்டிகளையும் வெளிறியதிலிருந்து கறுத்தது வரை அவள் வரிசைப்படுத்தினாள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிளாஸில் இரண்டு மடக்கு ஊற்றினாள். முதலில் மூக்கு, பிறகு வாய்.

முதலாவது லாகர். "சுத்தமா இருக்கு." எலுமிச்சம்புல் போட்ட கோதுமை பீரை முகர்ந்துவிட்டு, "புல்லு கொஞ்சம் தூக்கல். கெட்டுப்போன எதுவும் இல்ல" என்று சொல்லித் தாளில் குறித்தாள்.

"துப்பலையா நீங்க? டிவியில துப்புவாங்களே" என்றான் யுகேந்திரன்.

"அது வைன். பீரோட கசப்பு தொண்டையிலதான் தெரியும். முழுங்கணும்."

"அப்ப முழுங்கித்தான் இருக்கீங்க! நான் அன்னிக்குப் பொய் சொல்லல அண்ணே, கேட்டுக்க" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழனியப்பனும் பாதிச் சிரிப்புச் சிரித்தார்.

அவள் மூன்றாவதை எடுத்தாள். செம்மஞ்சள் நிற ஏல் வகை பீர். முகர்ந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முகர்ந்தாள். ஒரு மடக்கு விழுங்கி, நாக்கை அண்ணத்தில் தேய்த்தாள். கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

"இது ஆகாது."

"என்னது?"

"வெண்ணெய் வாடை. நாக்குல வழவழன்னு நிக்குது. ஈஸ்ட் வேல முடிக்கிறதுக்குள்ள எறக்கிட்டீங்க. இன்னும் ரெண்டு மூணு நாள் தொட்டியில விட்டிருக்கணும்."

"அது கேரமல் அண்ணி! எங்க ஸ்டைலு லா அது. நீங்க பேக்டரி லாகர் குடிச்சே பழகுன நாக்கு, கிராஃப்ட் பீரு உங்களுக்கு எங்க புரியும்?"

"கேரமல் இனிக்கும். இது எண்ணெ மாதிரி படியுது. எங்க, நீயே குடி."

குடித்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். ஆனால் மீதியைக் குடிக்காமல் கிளாஸைக் கீழே வைத்தான். அதை அவள் பார்த்தாள்.

மாம்பழம் போட்டது, அசாம் பொய் எனும் உப்பிட்ட புளிப்பு பிளம் போட்டது, குலா மெலாகா எனும் தென்னை வெல்லம் போட்ட கறுப்பு ஸ்டவுட், மூன்றையும் அவள் அவசரப்படாமல் முடித்தாள். ஸ்டவுட்டுக்கு மட்டும், "இத காய்ச்சின பிள்ளைக்குக் கை இருக்கு" என்றாள். தாளில் ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவதற்கு நேராக, "வெண்ணெய் வாடை. விற்கக் கூடாது" என்று எழுதி அதற்குக் கீழே பெயரைப் போட்டாள்.

யுகேந்திரன் தாளை இழுத்துப் பார்த்தான். முகம் மாறியது.

"ஆயிரத்து இருநூறு புட்டி அடைச்சு வெச்சிருக்கு. கீழ ஊத்தச் சொல்றீங்களா?"

"ஆமா."

"பழி வாங்குறீங்க. ரொம்ப நாளா காத்திருந்து வாங்குறீங்க. குடிக்கிறவளுக்குப் பெரிய டேஸ்டர்னு பேரு!"

"பழி வாங்கணும்னா ஆறுக்கும் போட்டுக் குடுத்திருப்பேன் யுகேன். தவுக்கே வாய்ல வெச்சதும் உனக்கே தெரிஞ்சிருக்கும்."

அவன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். "சொல்லுண்ணே. உன் சம்சாரம்தானே?"

பழனியப்பன் தொண்டையைச் செருமினார். "வேற தாள்ல எழுதிக் குடுத்துடு சீதா. குடும்பத்துக்குள்ள என்ன? ஒரு கையெழுத்துதானே."

சீதாலெட்சுமி பேனாவை மூடினாள். கொழுந்தனை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இருபத்தாறு வருஷம் நான் அங்க குடிச்சேனா, வேல செஞ்சேனா? உங்க தம்பி இங்கதான் இருக்கான். அவன் முன்னாடி சொல்லுங்க."

பழனியப்பன் ஒரு புட்டியை எடுத்து லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தார். யுகேந்திரன் போனை எடுத்தான். வெளியே தாமான் குடியிருப்புத் தெருவில் ரொட்டிக்காரனின் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எழுதிய தாளை மாற்றாமல் அவள் அப்படியே மூன்றாவது கிளாஸுக்கு அடியில் வைத்தாள்.

பிறகு எழுந்து உள்ளே போனாள்.