பூஜை அலமாரியில் பதினாறு கார்டுகள்

கோகிலவாணிக்கு வரலாறு என்றால் உயிர். தாராவியே எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் காலை பதினோரு மணிக்கு, அவள் தன் வீட்டு மாடியறையில் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற ஒன்பது பேருக்கு உலக வரலாறு நடத்துவாள். தமிழில் தொடங்கி, இந்தியில் விளக்கி, ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிப் போடுவாள். அந்த ஒன்பது பேரில் எழுத்துக்கூட்டாமல் தமிழ் படிப்பவர்கள் இரண்டே பேர்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மும்பைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. எம்.ஏ. படித்ததெல்லாம் இங்கே வந்த பிறகு, தபால் வழியில். கணவன் மாரிக்கண்ணன் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தான். பதினான்கு வயதில் வெறுங்கையோடு ரயிலேறி வந்தவன். இப்போது தாராவியில் ஒரு பட்டறை, ஆண்டாப் ஹில்லில் ஒன்று. மூன்றாவதை நவி மும்பைப் பக்கம் கோபர்கைரனேயில் திங்கட்கிழமை திறக்கப் போகிறான். வளர்கிற மனுஷனைக் குறை சொல்ல முடியுமா? அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேர்கிற அன்றே ஆதார் கார்டை முதலாளி வீட்டில் கொடுத்துவிட வேண்டும். பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறவர்களின் கார்டு திருட்டுப் போய்விடக் கூடாதே என்று முதலாளிகள் காரணம் சொல்வார்கள். கோகிலவாணி அந்தப் பதினாறு கார்டுகளையும் ரப்பர் பேண்ட் போட்டுப் பூஜை அலமாரியில், லட்சுமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். வெள்ளிதோறும் படத்துக்குச் சந்தனம் வைக்கும்போது கட்டுக்கும் ஒரு பொட்டு வைப்பாள். அடுத்தவர் பொருளை இதைவிடப் பத்திரமாக யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நினைப்பு அவளுக்கு.

புதன்கிழமை பூதத்தான் வந்து கார்டைக் கேட்டான். பை வெட்டுவதில் கைதேர்ந்தவன், முப்பது வயது. மற்றவர்களைப் போல் பட்டறையில் படுக்காமல் பெண்டாட்டி பிள்ளையோடு பக்கத்திலேயே குடியிருப்பவன். அவனைத்தான் மாரிக்கண்ணன் அங்கேயே தங்கி வேலை பார்க்கக் கோபர்கைரனேக்கு அனுப்புவதாக இருந்தான்.

“நான் அங்க போவல மதினி. எம்பொண்டாட்டி அம்மிணி மாட்டுங்காவுல நாலு வீட்டுல சமையல் பாக்கா. பிள்ளைக்கு இங்க ஸ்கூலு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து மொகத்தப் பாக்கதுக்கா கல்யாணம் முடிச்சேன்?”

அடுத்த சந்துப் பட்டறையில் அவனுக்கு வேலை தயாராக இருந்தது. அங்கே கார்டு கேட்டார்கள். ஆதாரில் பதிந்த போன் நம்பர் மாறிப்போனதால் உடனே வேறு நகல் எடுக்கவும் வழியில்லை. கோகிலவாணி, அண்ணாச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். போனில் கேட்டதற்கு, திங்கட்கிழமை ஆட்களை ஏற்றிக்கொண்டு டெம்போ கிளம்புகிறவரை கொடுக்காதே, பிறகு தானாகப் பழகிவிடுவான் என்றான் மாரிக்கண்ணன்.

மறுநாள் பாடம் அமெரிக்கா. விடுதலை வாங்கிய புதுக் குடியரசு மேற்கே மேற்கே போய் நிலம் சேர்த்த கதை. பலகையில் வரைபடம் போட்டு, 1803-ல் பிரான்சிடம் வாங்கியதைப் பச்சையால் தீட்டினாள். ஒரே கையெழுத்தில் நாடு இரண்டு மடங்கு. அங்கே குடியிருந்த பழங்குடிகளை யார் கேட்டார்கள்? தெற்கே இருந்தவர்களைத் துரத்திவிட்டுப் பருத்தி போட்டார்கள். அடிமை முறை தானாக ஓய்ந்துவிடும் என்று சிலர் நம்பினார்கள். எங்கே ஓய்ந்தது? புது மண்ணுக்குப் புதுக் கை வேண்டுமே. வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை வந்த பிறகு, வர்ஜீனியா பக்கம் இருந்தவர்களைப் பருத்தித் தோட்டங்களுக்கு விற்றார்கள். புருஷன் ஒரு தோட்டம், பெண்டாட்டி ஒரு தோட்டம். சுமார் பத்து லட்சம் பேர் என்று சொல்லிக்கொண்டே சிவப்பு அம்புக்குறி போட்டாள்.

கடைசி வரிசையிலிருந்து ஷாகிர் கேட்டான். “இத்தனா படா முலுக், டீச்சர். அவ்ளோ பெரிய நாட்டுல எங்கயாவது ஓடிருக்கலாம்ல?”

“ஓடினவங்க உண்டு. ஆனா ரோட்டுல எவன் வேணும்னாலும் நிறுத்தி, சீட்டு எங்கன்னு கேக்கலாம். அந்தச் சீட்ட மொதலாளிதான் எழுதித் தரணும். கையில காயிதம் இல்லாதவன்…”

தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்துக்கொண்டாள்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். பால்கனிக்குப் போனாள், வந்தாள். அதுவும் இதுவும் ஒன்றாகுமா? பூதத்தானுக்குச் சம்பளம் உண்டு, ஞாயிறு லீவு உண்டு. அவனை யாரும் ஏலம் போடவில்லை, சாட்டையால் அடிக்கவில்லை. அந்த மனிதர்கள் பட்ட பாட்டோடு இதைச் சேர்த்துப் பேசுவதே பாவம். சரி, ஒன்றில்லை. அப்படியானால் அவன் கார்டு என் வீட்டில் என்ன செய்கிறது? இந்த இடத்துக்கு வந்து வந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்தோடு அலமாரியைத் திறந்தாள். கட்டின் மேலே இருந்தது பூதத்தானின் கார்டு. வாராவாரம் வைத்த பொட்டு, காய்ந்து அப்பி, அவன் முகத்தையே மூடியிருந்தது. தன் பக்தியைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மாரிக்கண்ணன் கோபர்கைரனேயில் எலெக்ட்ரீஷியனோடு நின்ற மத்தியான நேரத்தில் இரண்டு பட்டறைக்கும் போய், பேர் வாசித்து, அவரவர் கையில் கொடுத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவன் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பூதத்தான் கத்தரியைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, “வாரேன் மதினி” என்று இறங்கிப் போனான்.

திங்கட்கிழமை டெம்போவில் எட்டுப் பேர் ஏற வேண்டியது. மூன்று பேர்தான் வந்தார்கள். மாரிக்கண்ணன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

“பொழப்புக்கே ஒல வச்சிட்டியே ஏட்டி. நான் சின்னப் பையனா வந்து சேந்த பட்டறை மொதலாளியும் என் ஸ்கூல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சிருந்தாரு. எங்கம்ம சாகக் கெடக்கான்னு போன் வந்தப்பவும் தரல, சீசன் முடியட்டும்னாரு. அத விட்டுட்டு நான் போவல. அழுதுக்கிட்டே மெஷின்ல உக்காந்தேன். அதனாலதான் இன்னைக்கு மூணு பட்டறை.”

இத்தனை வருஷத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை.

“அன்னைக்கு அந்த மொதலாளி வீட்டம்மா சர்டிபிகேட்ட எடுத்து உங்க கையில தந்திருந்தா?”

அவன் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான்.

“போயிருப்பேன்” என்றான். “உசுரோட பாத்திருப்பேன்.”

கையிலிருந்த போன் அடித்தது. கோபர்கைரனேயிலிருந்துதான். அவன் எடுக்கவில்லை.