சும்மா கிடைத்த குளிர்

"அக்கா, நம்ம நியாஸ் நானா மவுத்தாயிட்டாருங்க. விடியக்காலைல எழுப்பப் போனா எழும்பவே இல்லையாம். இன்னைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்."

நுவரெலியாவில், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிட்ட அவருடைய கம்ப்யூட்டர் கடைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பிதான் போனில் அழைத்தார். "விளையாடாதீங்க தம்பி" என்றேன். "இதுல யாரு அக்கா விளையாடுவாங்க" என்றார். நான் கந்தப்பளையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், வேலை ஓடிக்கொண்டிருந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள்தான் அதே நாற்காலியில் இருந்துகொண்டு அவரோடு போனில் சண்டை போட்டிருந்தேன். பெரிய சண்டை ஒன்றுமில்லை. புது ஃபேன் வாங்கலாம் என்றேன், பழையதைத் துடைத்துப் போடுங்கள் என்றார். அவ்வளவுதான்.

பஸ் ஏறிப் போனேன். நானா வீட்டு உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். நானாவின் மனைவி பரீனா அக்கா என் கையைப் பிடித்தவர் விடவில்லை. அப்போது உறவுக்காரப் பெண் ஒருவர், "பாவம், ராப்பகலா உழைச்ச மனுசன், அந்த உழைப்புத்தான் கொண்டு போயிருச்சு" என்றார். எனக்கு எங்கே என்ன பேசுவது என்று எப்போதும் தெரியாது. "யாரு, நானாவா? பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிட்டுக் குறட்டை விட்ட மனுசனுங்க அவரு!" என்று சொல்லிவிட்டேன். பரீனா அக்காதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அப்படியே.

அவருடைய கடைக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து போன உங்களுக்கெல்லாம் அந்தத் தூக்கம் தெரியும். எத்தனை பேர் அந்தப் பாதி ஷட்டரைத் தட்டிவிட்டுத் திட்டு வாங்கியிருப்பீர்கள்! "மெஷினுக்கு ஃபேன் இருக்கு. எனக்கு இந்தத் தூக்கந்தான்" என்பார். அந்த மனிதரை உழைத்துத் தேய்ந்தவராக யாரும் கதை கட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் முதன்முதல் அவர் கடைக்குப் போனது ஒரு புகாரோடு. அப்போது கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வேலை எடுக்கத் தொடங்கியிருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கிருந்து வாங்கி வந்து கொஞ்ச நாள்கூட ஆகாத மெஷின் பாதி வேலையில் தானாக அணைந்துபோகும். மழை நாள் என்பதால் பெட்டியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்து, யார் தலையில் கட்டிய சாமான் இது என்று ஆரம்பித்தேன். நானா கம்பளியை மெதுவாகப் பிரித்தார். பெட்டியின் காற்று ஓட்டைகளிலிருந்து கம்பளி நூலை ஒவ்வொன்றாக இழுத்து எடுத்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இதை வீட்டுல எப்படி வச்சிருக்கீங்க?"

"மூடித்தான் வச்சிருக்கோம். பனி காலமில்லையா. எங்கம்மா, அதுக்கும் குளிருமேன்னு போர்த்தி விட்டிருக்காங்க."

"ஓடுறப்பவுமா?"

"ஓடுறப்பவும்தான்."

நானா என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் பின்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் இரண்டும் குலுங்கின. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்க. மெஷினை இப்படிப் பிள்ளை மாதிரிப் பார்த்தவங்க யாரும் இல்ல. ஆனா இதுக்குக் குளிராதுங்க, வேர்க்கத்தான் செய்யும்" என்றார். அன்றைக்குப் பிறகு நான் வேறு கடைக்குப் போகவில்லை.

அவரிடம் எனக்குப் பிடித்தது, புது மெஷின் வாங்கச் சொல்லமாட்டார் என்பது. கடைக்காரர் இப்படி இருந்தால் வீடு எப்படி நடக்கும் என்று பரீனா அக்காவே கேட்பார். இருக்கிற மெஷினிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே பிராசஸரை ஓட விடுவதை ஓவர்க்ளாக் என்பார்கள். வேகம் கூடினால் சூடு கூடும். சூட்டை வெளியே அனுப்பத் தெரியாதவன் வேகத்தில் கை வைக்கக்கூடாது என்பது அவருடைய கட்சி. அதனால் முதலில் சூட்டு வேலைதான் பார்ப்பார். தூசு தட்டுவார், காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போகும்படி ஃபேன்களைத் திருப்பிப் பூட்டுவார், பிராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பார். "பாணுக்கு பட்டர் பூசுற மாதிரி அப்பாதீங்க தங்கச்சி. ஒரு கடலைப் பருப்பு அளவு போதும்."

அதன்பிறகுதான் வேகம். ஒரு படி ஏற்றுவார். முழுப் பாரத்தில் ஓட விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய் வருவார். திரும்பி வந்து டிகிரியைப் பார்ப்பார். தாங்கினால் அடுத்த படி. எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. "ஒரேயடியா ஏத்திப் பார்த்தா என்ன?" என்று கேட்பேன். மெஷின் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்தபின், வோல்டேஜைக் கூட்டி மேலும் விரட்டமாட்டார். அங்கிருந்து இரண்டு படி கீழே இறக்கி, அதில் நிறுத்திவிடுவார். "உச்சியில வீடு கட்டக்கூடாதுங்க, காத்து தூக்கிட்டுப் போயிரும். ரெண்டு படி இறங்கிக் கட்டணும்." குளிர் காற்று நேராகப் படட்டும் என்று நான் பெட்டியைத் திறந்த ஜன்னலோரம் வைத்ததற்கும் திட்டினார். ஓடும்போது பரவாயில்லையாம், நிறுத்திய பிறகு பனிமூட்டத்து ஈரத்தை மெஷின் குடித்துவிடுமாம்.

கொழும்புக் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலக் காட்டும் படங்கள் செய்ய நான் படித்திருந்தேன். லயத்தில் குடியிருந்துகொண்டு யாரோ ஒருவருடைய வரவேற்பறைக்குப் பளிங்குத் தரை போடும் வேலை. கொழும்பில் அப்படியொரு சின்னக் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. அதை நடத்திய நிரோஷா மேடம், என் சொந்த மெஷினையும் கொண்டு வரச் சொன்னார். அந்த வேலைக்குத்தான் நானா என் மெஷினின் வேகத்தைக் கூட்டிக் கொடுத்தார். கந்தப்பளையில் முழுப் பாரத்தில் ஓடினாலும் எழுபது சொச்சம் டிகிரிக்கு மேல் போகவில்லை.

வேலைக்கு ஆசைதான். ஆனால் போனால் கொழும்பிலேயே தங்க வேண்டும். என் வீட்டுக்காரர் மரக்கறி லொறி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் நாளை விட ரோட்டில் இருக்கும் நாள் அதிகம். மகள் அபிநயா அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அவளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

என் அம்மா, நான் அபிநயா வயதில் இருந்தபோது வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவர். எங்களுக்காகத்தான் போனார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வந்து வாசலில் நின்ற அன்று, யாரோ விருந்தாளி என்று நினைத்து நான் உள்ளே போய் என்னை வளர்த்த அத்தையின் பின்னால் நின்றுகொண்டேன். இன்றும் நாங்கள் ஒருவரையொருவர் மரியாதையாகத்தான் நடத்துகிறோம். மெஷினைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது இதை நானாவிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவர் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினார்.

என் வீட்டுக்காரரின் லொறியில், லீக்ஸ் கட்டுகளுக்கும் கரட் மூட்டைகளுக்கும் நடுவில் மெஷின் கொழும்புக்குப் போனது. ஒரு சந்துக்குள் மூன்றாம் மாடி, தகரக்கூரை, தலைக்குமேல் ஒரே ஒரு ஃபேன். முதல் வேலையை ஓட விட்டேன். சூடு தொண்ணூறைத் தாண்டியது. மெஷின் முதலில் தானாகவே வேகத்தைக் குறைத்துப் பார்த்தது, பிறகு நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுபோனது. திரும்பவும் போட்டேன், திரும்பவும் நின்றது. நாளைக்கு மாலைக்குள் முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மேடம் சொல்லிவிட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து நானாவுக்குப் போன் போட்டு அழுதேன். திட்டவும் செய்தேன்.

மறுநாள் காலையில் அவரே வந்து நின்றார். கொழும்பு வெயில் என்றாலே பஸ்ஸைத் திருப்பிவிடும் மனிதர், சட்டையெல்லாம் நனைந்து நின்றார். பெட்டியின் மேல் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"தப்பு என்னோடது தங்கச்சி. நான் இதை நம்மூரு குளிருக்கு அளவெடுத்துத் தைச்சிருக்கேன். இங்க காத்தே சூடு. சூட்டுக் காத்தை ஊதி எதை ஆற வைக்கிறது? எனக்குப் புத்தி எங்க ஈக்கு?" மனம் கலங்கினால் அவருக்கு 'இருக்கு' என்பது 'ஈக்கு' ஆகிவிடும்.

மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் வேகத்தையும் வோல்டேஜையும் கம்பெனி வைத்த அளவுக்கும் கீழே இறக்கினார். மெஷின் மாட்டுவண்டி போல நகர்ந்தாலும் நிற்கவில்லை. மாலைக்குள் படம் முடிந்துவிட்டது. மேடம் பார்த்துவிட்டு, வேலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த வேகம் தனக்குக் காணாது என்றார். என் வேலை போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகளிடம் போகலாம் என்று பாதி மனம் குதித்தது, கையில் தொழில் இல்லாமல் போகிறோமே என்று மீதி மனம் அழுதது.

நானா அப்போதுதான் மேடத்திடம் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். இந்த மெஷின் மெதுவான மெஷின் இல்லை, இடம் மாறி வந்த மெஷின் என்றார். இங்கே இதைக் குளிர வைக்க நீங்கள் ஏசி போட்டு பில் கட்ட வேண்டும் என்றார். "அபே சீத்தல நொமிலே, மேடம்." எங்கள் குளிர் இலவசம் என்று அர்த்தம். வேலையை அங்கே அனுப்புங்கள், முடித்து அனுப்புகிறோம், ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் என்றார். மேடம் சிரித்துவிட்டார். பெரிய வேலை ஒன்றைக் கொடுத்து, திங்கட்கிழமை காலையில் தன் மேசையில் இருக்க வேண்டும் என்றார்.

கந்தப்பளையில் அப்போது சிக்னல் வருவதும் போவதுமாக இருந்ததால், மெஷினை நானாவின் கடை மூலையிலேயே வைத்தோம். பழைய வேகத்தைத் திரும்ப வைத்துக் கொடுத்தார். ஞாயிறு மத்தியானம் கணக்குப் பார்த்தேன், முடிவதும் அனுப்புவதும் மயிரிழையில்தான் இருந்தது. "நானா, அந்த ரெண்டு படியை இன்னைக்கு மட்டும் ஏத்துங்க" என்றேன். மாட்டேன் என்றார். கெஞ்சினேன். "உங்களுக்கென்ன, போறது என் பொழப்புதானே!" என்று கத்திவிட்டேன். கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நானாவுக்குக் கோபம் வரவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் ஓடுறதுக்கா நான் அங்க போய் வாக்குக் குடுத்தேன்? நாளைக்கும் ஓடணும், உங்க மக படிச்சு முடிக்கிற வரைக்கும் ஓடணும். அதுக்குத்தான் இந்த வேகம்" என்றார். சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அடப்பாவி மனுசா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மெஷினைக் காவல் காத்தேன். அது எழுபது சொச்சத்திலேயே நின்று, ஒரு தடவைகூட முக்கி முனகாமல் ஓடியது. திங்கள் காலை மேடத்திடமிருந்து வந்த பதிலில் அடுத்த வேலையும் கூடவே இருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது நானா, "தேத்தண்ணி வாங்கித் தாங்க" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகள், இரண்டு மெஷின்கள் மாறிவிட்டன. நான் கொழும்புக்குக் குடிபோகவில்லை.

நானாவின் ஜனாஸாவுக்குப் போய்விட்டு வீடு திரும்பியபோது அபிநயா பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். இப்போது பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். எனக்கு வந்த போன்களையெல்லாம் அடுத்த அறைக்கு எடுத்துப்போய்ப் பதில் சொன்னாள். அம்மா என்னைத் தேற்ற எழுந்தபோது, "அம்மாச்சி, இப்ப போகாதீங்க. அம்மா அழுறப்ப யாரும் தொட்டா அவங்களுக்குப் பிடிக்காது. சும்மா பக்கத்துல இருந்தா போதும்" என்று மெல்லச் சொல்வது கேட்டது. அப்புறம் வந்து, என்னைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இதை நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் அம்மா எப்படி அழுவார், அழும்போது அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நியாஸ் நானாவிடமிருந்து நீ வைத்திருப்பது என்ன என்று யாராவது கேட்டால், என்னிடம் இருப்பது இதுதான்: என் மகளுக்கு என்னைத் தெரியும்.