சரக்கு வண்டியில் ஒரு ஆள்

என் கணவர் செய்த ஒரே தப்பு, வண்டியை நிறுத்தியது. பேசாமல் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் கோர்ட் வாசலை நாங்கள் மிதித்திருக்கவே மாட்டோம்.

விருத்தாசலத்தில் எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. வீட்டில் அச்சில் வார்த்துக் காயவைத்த பீங்கான் பொம்மைகளைப் பொதுச் சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வர வேண்டும். சுடாத பொம்மை அப்பளம் மாதிரி, லேசாக இடித்தாலே நொறுங்கிவிடும். லோடு ஆட்டோவில் பலகைகளை அடுக்கி, அவை ஆடாமல் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து வருவது எங்கள் தெருவில் வழக்கம். எங்கள் வண்டியில் அந்த ஆள் நான்.

அன்றும் அப்படித்தான் போனோம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த தனியார் பஸ் ஒன்று, முன்னால் போன இன்னொரு பஸ்ஸைப் பிடிக்கிற வெறியில் எங்களை உரசுவதுபோல் முந்தியது. எதிரே மொபெட்டில் வந்தவர் பயந்துபோய் ஹேண்டிலை ஒடித்தார். விழுந்து கையை முறித்துக்கொண்டார். பஸ் போயே போய்விட்டது. என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய் விழுந்தவரைத் தூக்கினார். போலீஸ் வந்தபோது அங்கே நின்றது எங்கள் வண்டி மட்டும்தான். பஸ்ஸைப் பற்றி நான் கரடியாய்க் கத்தினேன், யாரும் காதில் வாங்கவில்லை. விழுந்தவருக்கோ எந்த வண்டி என்றே தெரியவில்லை. பொம்மைகளை ஏட்டு முன்னால் நின்று ஸ்டேஷன் வராந்தாவில் இறக்கி வைக்கச் சொன்னார். கண்மூடித்தனமாக ஓட்டியதாக இவர் மேல் கேஸ்.

"ஒத்துக்கிட்டு ஃபைன கட்டிட்டுப் போயிடுங்க. எல்லாரும் அதான் செய்யிறாங்க" என்றார் எங்கள் வக்கீல். இவர் அரசு பஸ் டிரைவர் வேலைக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். தண்டனை என்று ஒரு வரி ஏறினால் அந்த வேலைக்கு முழுக்குதான். ஒத்துக்கொள்ள மாட்டோம் என்றோம்.

வாய்தா வாய்தாவாக அலைந்த பிறகு என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். "வேகமாத்தானே வந்தார்?" என்றார் அரசு வக்கீல். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"வேகமா வந்தா பொம்ம நிக்குமாங்க? ஒண்ணுகூட ஒடயல, ஏட்டய்யாவ கேளுங்க. பின்னால பலகைய புடிச்சிகிட்டு ஒக்காந்திருந்ததே நான்தான!"

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்தார். நீதிபதி நிமிர்ந்தார். "சரக்கு வண்டியில ஆள் ஏறி வந்தீங்களா?"

"எங்க வூட்டு வண்டிதாங்கய்யா" என்றேன். கோர்ட்டே சிரித்தது.

ஒரு பொம்மையும் உடையவில்லை என்று ஏட்டு ஒப்புக்கொண்டார். இவருக்கு விடுதலை. ஆள் ஏற்றிய குற்றத்துக்குத் தனியாக அபராதம் வந்தது, மறுபேச்சில்லாமல் கட்டினார். அது வேலையைக் கெடுக்காது என்று வக்கீல் சொன்னதும் எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அடுத்த லோடு ஏற்றியபோது, "நீ பஸ்ஸுல வந்துடு" என்றார் இவர். ஏறினேன். கேட்க வேண்டுமா, அதே பஸ், அதே டிரைவர். வழியில் ஹாரனை அழுத்திக்கொண்டே எங்கள் வண்டியை முந்தினான். இவர் ரோட்டை விட்டு மண்ணில் இறங்க, வண்டி குலுங்கியது.

"யோவ், மெதுவா போய்யா! பொம்ம இருக்குது!" என்று ஜன்னலோரம் நின்று கத்தினேன். கண்டக்டர் என்னை உட்காரச் சொன்னார்.

சூளையில் இறக்கியபோது பாதிப் பொம்மைகளுக்குக் கழுத்து ஒடிந்திருந்தது. அன்றுதான் நாங்கள் முதன்முறையாகச் சட்டப்படி வந்திருந்தோம்.