வெர்னா காட்டிய படம்

வெர்னா ஸ்ட்ரவுட். பிறப்பு: 1967, வயோமிங். தொழில்: குதிரைகளுக்கு லாடம் அடிப்பதும், 2002 முதல், முரட்டுக் காளை மேல் ஏறிச் சவாரி செய்யும் ரோடியோ போட்டி வீரர்களைப் படமெடுப்பதும்.

களத்தில் நடப்பதைப் படமெடுக்கப் பலர் இருந்தனர். வெர்னா எடுத்தது காளைக் கூண்டுகளின் பின்புறத்தை: லாரிக் கண்ணாடி பார்த்து முகம் மழிப்பவர்களை, உடைந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொள்பவர்களை. அங்கே நிற்க ஒரே நிபந்தனை, பின்புறத்தில் பார்த்தது, அடிபட்டவனை ஏறவிடாத போட்டி டாக்டரின் காதுக்குப் போகக் கூடாது. 2009இல், தலையில் அடிபட்டிருந்த வேட் ஆலிங்கர் வாந்தியெடுத்ததைப் பார்த்தும் அவள் வாய் திறக்கவில்லை. இருபது நிமிடத்தில், அவன் ஏறிய காளையே அவன் மார்பை மிதித்துக் கொன்றது.

2011 ஜூலை 16, சனிக்கிழமை, பிற்பகல். முந்தின நாள் காளையின் நெற்றியில் மோதி விழுந்த ராய்ஸ் டிபட், லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். ஒரு கண்ணின் பாவை அகன்று விரிந்திருந்தது, மற்றது கடுகளவு. வெர்னா படமெடுத்தாள்.

"என்னக்கா, தின்னது வெளிய வர்றதக்கூட விட மாட்டியா?"

"நேத்து எந்த ஊர்ல ஏறுன? சொல்லு பாப்போம்."

யோசித்தான். இளிப்பு மறைந்தது. "டாக்டர்கிட்ட போனா, அந்தக் கேமராவாலயே உன் மூஞ்சிய ஒடப்பேன்."

"ஒடைக்க நீ உசுரோட இருந்தாப் போதும்டா."

நேராகப் போய் டாக்டரிடம் திரையைக் காட்டினாள். டாக்டர் போட்டிப் பட்டியலில் ராய்ஸின் பெயரை அடித்தார். சீட்டுக் குலுக்கலில் அவனுக்கு விழுந்திருந்த காளையை ஆளில்லாமல் திறந்துவிட்டார்கள். அது, காளைக்குப் போக்குக் காட்டும் கோமாளியின் பீப்பாயைக் கொம்பால் குத்திக் கம்பி வேலி மேல் எறிந்தது.

ராய்ஸ் சொன்ன சொல் தவறவில்லை. கேமராவைப் பிடுங்கி அவள் முகத்தில் இரண்டு முறை இறக்கினான். மூக்கெலும்பு நொறுங்கியது, இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன. சுற்றி நின்ற ஆறு பேரில் ஒருவரும் அசையவில்லை.

"லாடம் அடிக்கிறவளுக்கே லாடம் அடிச்சுட்டான்டா!" என்று ஒருவன் சிரித்தான்.

மூன்றாம் முறை ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்க, ராய்ஸ் சரிந்தான். அன்று மாலையே மண்டையோட்டைத் திறந்து, உறைந்த இரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்தான்.

ஜூலை 23, சனிக்கிழமை. மூக்கில் கட்டோடு, இரவல் கேமராவோடு வெர்னா கூண்டுகளின் பின்னால் போனாள். யாரும் தடுக்கவில்லை. அவள் கேமராவை உயர்த்திய பக்கமெல்லாம் ஆண்கள் முதுகு காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள். ஆட்டம் முடியும்வரை அவள் எடுத்துக்கொண்டேயிருந்தாள்.

அன்று எடுத்த படங்கள்: 41. முகம் தெரிந்தவை: 2.