களம் வழித்த மைதானம்

மண்ணைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இந்தத் தாலுக்காவில் ஆள் கிடையாது. தம்பட்டத்துக்காகச் சொல்லவில்லை, என்னிடம் வேலை வாங்கியவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பதினைந்து வயதில் இடுக்கிப் பக்கம் எஸ்டேட் ரோட்டு வேலையில் மண்சட்டி சுமந்தேன். இன்றைக்கு மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் தமிழ் ஊர் எருத்தேன்பதியில் என் வீட்டு முன்னால் இரண்டு ஜேசிபியும் மூன்று டிப்பரும் நிற்கின்றன. கையில் ஒரு பிடி எடுத்து நெரித்துப் பார்த்தால் போதும், அந்த மண் மழையில் என்ன செய்யும், வெயிலில் என்ன செய்யும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் போலீஸ் கேடட் படை வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் அணியில் இருபத்திரண்டு பையன்கள், இருபத்திரண்டு பெண்பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் காக்கி உடுப்பும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வருவார்கள். டிரில் சொல்லிக்கொடுக்க ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ் வருவார். எல்லோரும் அவரை மேடம் என்றே கூப்பிட்டோம். மலையாளத்துக்காரர், சிரிப்பது அபூர்வம். என் மகளின் மகள் அந்த நாற்பத்து நாலு பேரில் ஒருத்தி. காக்கிச் சட்டை போட்டால் கணக்கு வந்துவிடுமா என்று முதலில் நான் கேலி பேசினேன்.

அந்தக் கேலி ஒரு சந்தை நாளில் அடங்கியது. கொழிஞ்சாம்பாறை முக்கில் பொள்ளாச்சி பஸ்ஸும் மாட்டு வண்டியும் தேங்காய் லாரியும் முட்டிக்கொண்டு நிற்கும். கேடட் பிள்ளைகள் அங்கே நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தினார்கள். கிராவல் ஏற்றி வந்த டிப்பர் ஒன்றை நிறுத்தி, தார்ப்பாய் போடாமல் நகரக் கூடாது என்றுவிட்டார்கள். டிப்பர் என்னுடையது. டிரைவர் போன் செய்ய, கொதித்துக்கொண்டு போனேன். கையை நீட்டி வண்டியை மறித்து நின்றது என் பேத்தி. “தார்ப்பாய் போடச் சொல்லுங்க அப்புச்சி, கல்லு தெறிச்சுப் பின்னால வாறவங்க கண்ணு போயிருமுங்க” என்றாள். சந்தையே வேடிக்கை பார்த்தது. கடை போட்டிருந்தவனிடமே தார்ப்பாய் வாங்கிப் போட்டேன். அந்தக் கோடையில் அதே பிள்ளைகள் வீடு வீடாகப் போய், வற்றிய கிணறு எது, தண்ணீர் வராத போர் எது என்று எழுதிப் பஞ்சாயத்தில் கொடுத்தார்கள். காட்டுக்குள் தனியாக இருக்கும் நாலு சாளை வீடுகளுக்குத் தண்ணீர் லாரி போனது அந்தக் காகிதத்தால்தான். பெரியவர்கள் பத்து வருடம் கேட்டு வராத லாரி அது.

முதல் அணி படித்து முடித்து வெளியேறும் அணிவகுப்பு வந்தது. பாஸிங் அவுட் பரேடு என்பார்கள். மாவட்டத்திலிருந்து பெரிய போலீஸ் அதிகாரி வந்து சல்யூட் வாங்குவார். அதை நடத்தும் கமாண்டராக மேடம் என் பேத்தியைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஆனால் எங்கள் மைதானம் கரிசல். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மைதானம் சரியில்லை என்றால் சித்தூர்ப் பக்கம் இன்னொரு பள்ளியின் பரேடோடு சேர்த்துவிடுவோம் என்றார்கள். அப்படிச் சேர்த்தால் அங்கே அவர்களுடைய கமாண்டர், அவர்களுடைய கொடி. எங்கள் பிள்ளைகள் கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இரண்டு வருட உழைப்புக்கு அதுதானா கூலி?

பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து, மைதானத்தை என்னிடம் விடுங்கள் என்றேன். இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு தரை இருக்காது என்றும் சொன்னேன். ஒன்பது நாளில் செம்மண் கிராவல் கொட்டி, மட்டம் பார்த்து, ரோலர் ஓட்டி முடித்தேன். குறை ஒன்று சொல்ல முடியாது. பரேடுக்கு முந்தின நாள் காலையில் மேடம் பார்த்துவிட்டு, தரை நன்றாக இருக்கிறது, புழுதிதான் கொஞ்சம் எழும்புகிறது, காலையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மார்கழி, தை மாதத்தில் எங்கள் கணவாய்க் காற்றுக்குத் தெளித்த தண்ணீர் அரை மணி நேரம் தாங்காது. புழுதிக்கு எங்கள் காட்டில் ஒரு வைத்தியம் உண்டு. கடலைக்காய், கொள்ளு அடிக்கிற களத்தைக் கரைத்த சாணியால் வழித்துவிட்டால் தூசி எழும்பாது, ஒரு மணி தானியம்கூட மண்ணில் ஒட்டாது. ஆறு பெண்களைக் கூப்பிட்டு, மூன்று டெம்போ சாணி இறக்கி, மத்தியானத்துக்குள் மைதானம் முழுக்க வழித்தேன். சாயங்காலம் பார்த்தால் பாய் விரித்த மாதிரி இருந்தது. ஹெட்மாஸ்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பாராட்டினார். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இல்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போடவும் உடுப்புக்கு இஸ்திரி போடவும் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடைசி ஒத்திகை. பேத்தி முன்னால் நின்று கட்டளை கொடுத்தாள். நாற்பத்து நாலு பூட்ஸ் கால்கள் ஒன்றாக எழுந்து ஓங்கி இறங்கின. தரை அப்பளம் போல நொறுங்குகிற சத்தம் கேட்டது. மேலே காய்ந்த ஏடு உடைந்து உள்ளே ஈரச் சாணி பிதுங்கியது. பத்தடி நடப்பதற்குள் இரண்டாம் வரிசையில் மூன்று பேர் சறுக்கி விழுந்தார்கள். அவர்கள் மேல் பின்வரிசை விழுந்தது. ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இஸ்திரி போட்ட காக்கியெல்லாம் பச்சை.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வழித்த களம் மூன்று வெயில் காய வேண்டும். நான் ஒரு மத்தியான வெயில்கூட முழுசாகக் கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. எங்கள் களத்தில் செருப்புக் காலோடு யாரும் ஏற மாட்டோம், ஏறினால் தானியத்துக்கு அவமரியாதை. அறுபது வருடம் வெறுங்காலோடு களம் மிதித்தவனுக்குப் பூட்ஸ் அந்தத் தரையை என்ன செய்யும் என்று தோன்றவே இல்லை.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வேலிப் பக்கம் நின்றிருந்தேன். மேடத்துக்குக் களமும் தெரியாது, சாணி எத்தனை நாள் காய வேண்டும் என்றும் தெரியாது; விழுந்து புரண்டதில்தான் தரை பெயர்ந்தது என்று நினைத்தார். பயிற்சி போதவில்லை, வரிசை கலைந்து காலை மாற்றி வைத்ததால்தான் விழுந்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். ஹெட்மாஸ்டரிடம் மலையாளத்தில் படபடவென்று பேசினார். இந்த அணியைத் தனியாக அதிகாரி முன்னால் நிறுத்த முடியாது, சித்தூர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய் அவர்களோடு நடக்க விடலாம், பஸ்ஸுக்குச் சொல்லுங்கள் என்றார். கமாண்டர் சரியில்லை என்ற வார்த்தையும் என் காதில் விழுந்தது. பேத்தி விறைப்பாகவே நின்றாள்.

மேடம் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனதும் அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“சாணி எத்தன மணிக்கு வழிச்சு முடிச்சீங்க அப்புச்சி?”

“மத்தியானத்துக்குள்ள.”

“எத்தன நாளு காயோணும்?”

தெரிந்துதான் கேட்டாள். அவளுக்கும் களம் தெரியும்.

“மேடத்துகிட்டப் போயிச் சொல்லுங்க. எங்க காலு சரியாத்தானுங்க இருந்துச்சு. தரைதான் சரியில்லீன்னு சொல்லுங்க.”

“இத்தன சனம் நிக்குது அம்மிணி. நாஞ்சொன்னா என்ற பேரு என்னாகறது?”

“சொல்லாட்டி எங்க நாப்பத்து நாலு பேரோட பேரு என்னாகறதுங்க?”

திரும்பிப் பார்க்காமல் போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

என் ஆயுசில் நான் செய்த வேலையில் குறை இருந்ததில்லை. இருந்திருந்தால் அது மழையால், சிமென்டால், இல்லை கொத்தனாரால் வந்திருக்கும். ஒரு தடவை நான் கட்டின ஓடைப் பாலம் உட்கார்ந்தபோதுகூட வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தவன். இருபது முப்பது அடி தூரம்தான் இருக்கும் அந்த மைதானத்தில் நடக்க வேண்டியது. நடந்தேன். மேடம் போனில் பஸ்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும் என்று நிற்கத் தோன்றியது. நின்றால் பஸ் வந்துவிடும்.

“மேடம், பிள்ளைங்க மேல தப்பில்லீங்க” என்றேன். சத்தமாகத்தான் வந்தது, எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. “மூணு நாளு காய வேண்டிய தரைய நான் ஒரே நாள்ல முடிச்சுப்போட்டனுங்க. வெறுங்காலுக்குப் போடற தரைய பூட்ஸுக்குப் போட்டுட்டேன். இதுல நீங்க நடந்தாலும் விழுவீங்க.”

பெற்றோர் சங்கத் தலைவர் பக்கத்தில் நின்றார். மளிகைக் கடை வைத்திருக்கிற ராவுத்தர், என்னைவிட நாலு வயது இளையவர், வாய் சும்மா இருக்காது. “மொதலாளி ஒரு தப்ப ஒத்துக்கிட்டு இன்னைக்குத்தான் கேக்கறேன். கொட கொண்டாரச் சொல்லட்டுமா, மழ வந்தாலும் வரும்” என்றார். பின்னாலிருந்து நாலு பேர் சிரித்தார்கள். காது மடல் சுட்டது. மேடம் சிரிக்கவில்லை. தரையில் பூட்ஸை வைத்து ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். கால் வழுக்கி ஹெட்மாஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி பத்து மணிக்கு வருகிறார். ஒன்பதரைக்குள் தரை சரியானால் பரேடு இங்கே, இல்லாவிட்டால் பஸ். அவ்வளவுதான் சொன்னார்.

ஜேசிபியை வரச் சொல்லப் போனை எடுத்தேன். பிள்ளைகளின் பரேடு பார்க்கப் பட்டுச்சேலை கட்டி வந்திருந்த அம்மாக்களில் பாதிப் பேர் தொழிலுறப்பு வேலைக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். ஜேசிபியின் பல் தரையைக் கிழித்துவிடும், மண்வெட்டி மட்டும் வரச் சொல்லுங்கள் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கே புத்தி சொல்கிறாளே என்று இருந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. டிப்பரில் முப்பது மண்வெட்டி வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையாக நின்று, வெட்டாமல் படுக்கப் பிடித்துச் சுரண்டினார்கள். நானும் ஒன்றை எடுத்தேன். மண்வெட்டி பிடித்து இருபது வருடம் ஆகியிருந்தது. கை மறக்கவில்லை, இடுப்புதான் மறந்திருந்தது.

சுரண்டிய இடம் பொலபொலவென்று கிடந்தது. ரோலர் நல்லேப்பிள்ளியில் வேறு வேலையில் நின்றது, வந்து சேர நேரம் இல்லை. மேடம் யோசித்தார். பிள்ளைகளைச் சுரண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து, நின்ற இடத்திலேயே கால் மிதிக்கக் கட்டளை கொடுக்கும்படி என் பேத்தியிடம் சொன்னார். இடது, வலது, இடது, வலது. ஒரு வரிசை அகலம் மிதித்து, ஓரடி நகர்ந்து, மறுபடி மிதித்தார்கள். பெண்கள் முன்னால் சுரண்டிக்கொண்டே போக, பிள்ளைகள் பின்னாலேயே மிதித்துக்கொண்டு வந்தார்கள். கணுக்கால் பிசகின பையன் நாற்காலியில் உட்கார்ந்து, கைதட்டித் தாளம் போட்டான். அவளுக்குக் குரல் கம்மிவிட்டது. நிறுத்தவில்லை.

ஒன்பதரைக்குக் கொடிக்கம்பத்துப் பக்கம் ஒரு மூலை மிச்சம் இருந்தது. அணி திரும்புகிற மூலை. நான் இன்னும் பத்து நிமிடம் கேட்டேன். மேடம் அந்த மூலையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். நடக்க முடியுமா என்று அவளிடமே கேட்டார். முடியும் என்றாள். பஸ் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதிகாரி வந்தார். பத்து மணிக் காற்றும் கூடவே வந்தது. சாணிக் கறையைத் துடைத்த உடுப்போடு நாற்பத்து மூன்று பிள்ளைகள் நடக்க நடக்கச் செம்புழுதி எழுந்து மேடையில் போய் உட்கார்ந்தது. அதிகாரியின் தொப்பியே நிறம் மாறியது. எனக்கு மேடை கண்ணில் படவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி முன்னால் தனியாக வந்தாள். மூலைக்கு நாலடி இருக்கும்போது காலடியைச் சுருக்கினாள். பின்னால் வந்த அணியும் சுருக்கியது. திரும்பும்போது அவளுடைய வலது பூட்ஸ் ஒரு சாண் அளவுக்கு வழுக்கிக்கொண்டு போனது. இடுப்பை இறக்கி, இடது காலை ஊன்றி நின்றாள். கட்டளை ஒரு மூச்சு தாமதமாக வந்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு வரிசையாகத் திரும்பினார்கள். கடைசி வரிசை திரும்பி முடிக்கும்வரை எண்ணினேன். ஒருவரும் விழவில்லை.

மேடை முன்னால் நின்று, கம்மிய குரலில், அணி வெளியேற அனுமதி கேட்டாள். கிடைத்தது. எங்கள் மைதானத்திலிருந்து, எங்கள் கொடியோடு, அவள் கட்டளையில் வெளியேறினார்கள்.

மைதானம் அமைத்தவர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். மட்டம் பார்த்ததும் கிராவல் போட்டதும் நான்தானே. ராவுத்தர் மட்டும் கீழே நின்று மூக்கைப் பிடித்துக் காட்டினார்.

பேத்தி குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினாள்.

“சனிக்கெழம எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு டிரில் இருக்குதுங்க அப்புச்சி. அந்த மூலைய யாரு சொரண்டறது?”

“ஆளு அனுப்பறேன் அம்மிணி.”

அவள் என் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் எழும்பியிருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் மண்வெட்டியோடு நானே போனேன்.